அருள்புரத்துக் கியூவின் கைப்பிடி

திவ்யா, கார்த்தி, இரண்டு பேரும் இதைப் படியுங்கள். படித்து முடிக்கிறவரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

எனக்குக் கோபம். போன வாரம் சித்தப்பா வீட்டு விசேஷத்தில், அத்தனை பேர் இலை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, "எங்கப்பா பேய்க்குப் பயந்து பிசினஸை விட்டவருங்க" என்று கார்த்தி சொன்னான், திவ்யா சிரித்தாள், அப்புறம் பந்தியே சிரித்தது. கை கழுவும் குழாய் வரைக்கும் அந்தச் சிரிப்பு என் பின்னால் வந்தது. விசேஷ வீட்டில் வாயைத் திறந்து என்னத்தைச் சொல்வது, பேசாமல் வந்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவன் எழுதுவது. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், நடந்ததைத் திருத்தாதீர்கள்.

பேய், பில்லி, சூனியம் எதையும் நான் நம்பியவன் இல்லை. கிருத்திகைக்கு விரதம் இருப்பேன், மலைக்குப் போவேன், அது சாமி, அது வேறு. எங்கள் யூனிட்டில் நைட் ஷிப்டில் பெண் பிள்ளை அழுகிற சத்தம் கேட்கிறது என்று ஆட்கள் வேலைக்கு வராமல் நின்றார்களே, அப்போது கம்ப்ரஸர் பெல்ட் தளர்ந்து கிடப்பதைக் கண்டுபிடித்துக் காட்டியவன் நான்தான். பேய் அழுகிறது என்று சொன்னவர்களைப் பார்த்து உங்களைப் போலத்தான் நானும் சிரித்தேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

நான் கட்டிங் மாஸ்டர் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வேலை என்ன என்று தெரியுமா? நெருப்பெரிச்சலில் இருக்கிற எங்கள் பனியன் யூனிட்டில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே பேட்டர்ன் வைத்து, கட்டிங் மெஷினை ஓட்டுகிறவன். பிளேடு ஓடும்போது கை ஒரு நூல் விலகினால் அடுக்கில் இருக்கிற அத்தனை பீஸும் வேஸ்ட். கொஞ்சம் கூடுதலாக விலகினால் விரல் வேஸ்ட். என் வலது கையை நம்பித்தான் கம்பெனி எனக்குச் சம்பளம் தருகிறது. அந்தக் கைதான் இந்த வீட்டு அரிசி, உங்கள் இரண்டு பேர் படிப்பு எல்லாம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கியூ வியாபாரம் எப்படி வந்தது என்றால், யூனிட்டுக்குப் பக்கத்தில் ஜெபராஜ் வைத்திருக்கிற பூல் சென்டரால் வந்தது. பூல் என்றால் பச்சைத் துணி விரித்த மேஜையில் பந்தைக் கழியால் குத்திக் குழிக்குள் தள்ளுகிற ஆட்டம். அந்தக் கழிதான் கியூ. ஜெபராஜ் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், டெய்லராக வந்து, கொஞ்சம் சேர்த்து, இரண்டு மேஜை போட்டவர். வேலை முடிந்து அங்கே போய் ஆடக் கற்றுக்கொண்டேன். எக்ஸ்போர்ட்காரர்களின் பையன்கள் வருவார்கள். தங்கள் உயரத்துக்கும் கைக்கும் அளவு கொடுத்து, வெளிநாட்டில் ஆர்டர் போட்டுச் செய்த கியூவைக் கொண்டுவருவார்கள். நாலு மாதம் ஆடுவார்கள், சலித்துவிடும், ஆன்லைன் குரூப்பில் விற்பனைக்குப் போட்டுவிடுவார்கள். நான் வாங்குவேன். நுனித் தோலை மாற்றி, மரத்தைப் பாலிஷ் பண்ணி, கைப்பிடிக்குப் புது நூல் சுற்றி, அதே குரூப்பில் விற்பேன். ஒரு கீறல் இருந்தால்கூட அதைத் தனியாகப் படம் எடுத்துப் போட்டுத்தான் விற்பேன். "அண்ணன்கிட்ட வாங்கினா கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்று பெங்களூர், கொச்சி வரைக்கும் பேர் இருந்தது.

அந்தக் கியூ அருள்புரத்திலிருந்து வந்தது. விற்றவன் ஹரீஷ், அங்கே ஒரு நிட்டிங் யூனிட் முதலாளியின் மகன். படத்தைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. ஈட்டி மரம். அடிப்பாகத்தில் வேல் வேலாக வெள்ளை மரம் பதித்திருந்தது. யாரோ உட்கார்ந்து யோசித்து, அளவு சொல்லிச் செய்ய வைத்த பொருள் என்று பார்த்ததும் தெரிந்தது. கைப்பிடியில் மட்டும் நிறம் தெரியாமல் அழுக்கேறிய ஒரு பனியன் துணி, குழாய் மாதிரி மாட்டியிருந்தது.

போன் பண்ணினேன். "யாருதுங் தம்பி இது?"

"அப்பாவோடதுங்க. இப்ப அவரு ஆடறதில்ல. அந்த அழுக்குத் துணிய மட்டும் கழட்டி வீசிருங்க, பாக்கவே ஒரு மாதிரி இருக்கு."

வயதாகிவிட்டது, விட்டுவிட்டார் போல என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பது? அவர்கள் யூனிட் கேட்டில் வாட்ச்மேன் கையில் கொடுத்து வைத்திருந்தான், வாங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் துணியைக் கழற்றினேன். இந்த இடத்தைக் கவனியுங்கள். வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் காலுறையைக் கழற்றுகிற மாதிரி உருவியிருப்பான். நான் உருவவில்லை. நிட்டிங் மெஷினிலிருந்து துணி குழாயாகத்தான் வரும். கட்டிங்குக்கு வந்ததும் அதை நெடுக அறுத்து விரிப்போம். இருபது வருடமாக அதைச் செய்கிற கை, குழாய்த் துணியைக் கண்டால் யோசிக்காது. கத்தரியை உள்ளே விட்டு, மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் அறுத்துவிட்டேன். துணி வாய் பிளந்து மேஜையில் விழுந்தது. துணிக்கு அடியில் கைப்பிடி வழக்கத்தைவிடச் சிறுத்திருந்தது. செய்தவன் அளவு தப்பிவிட்டான் என்று நினைத்து, நூலைக் கூடுதலாகச் சுற்றி நிரப்பினேன்.

உங்கள் அம்மா வந்து அந்தத் துணியை எடுத்துப் பார்த்தாள். "ஏனுங், நல்ல ரிப் துணிங்க, வரி வரியாத் தடிமனா இருக்குது. இதையுமா வீசுவீங்க? சோத்துக் குண்டா எறக்க ஆகும்" என்று அடுப்பங்கரைக்கு எடுத்துப் போய்விட்டாள்.

குரூப்பில் போட்டதும் கொச்சிக்காரர் ஒருவர் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அனுப்புவதற்கு முன்னால் அந்தக் கியூவை வைத்து ஒரு ஆட்டம் ஆடி வீடியோ எடுத்துப் போடுவது என் வழக்கம். கழி வளையவில்லை, பந்து நேராகப் போகிறது என்று வாங்குகிறவர் கண்ணால் பார்க்க வேண்டும் இல்லையா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜெபராஜ் சென்டருக்குப் போனேன். அன்றைக்குப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தியிருந்தார்கள். சுற்றிலும் ஒரு மெஷின் சத்தம் இல்லை. திருப்பூரில் அப்படி ஒரு அமைதியை நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள்.

"கரண்ட் இல்லாத அன்னைக்குத்தான் ஒமக்கு வீடியோ எடுக்கணுமாக்கும்?" என்று ஜெபராஜ் திட்டிக்கொண்டே ஷட்டரை முழுக்கத் தூக்கினார். வெயில் மேஜை வரைக்கும் வந்தது. பட்டப்பகல். இருட்டில் எதையோ பார்த்துப் பயந்தேன் என்று இனி யாரும் சொல்லக் கூடாது.

ஜெபராஜ் தன் போனில் எடுக்க, முதல் அடி நான் அடித்தேன். பந்துகள் சிதறின. இரண்டாவது அடிக்குக் குனிந்தபோது வலது கையில் கியூ இருப்பது தெரியவில்லை. நழுவிவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தேன். கை அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எனக்கு மரம் தெரியவில்லை, நூல் தெரியவில்லை, கையே தெரியவில்லை. தோள்பட்டைக்குக் கீழே யாரோ ஒருவருடைய கையைத் தைத்து வைத்த மாதிரி இருந்தது. அந்தக் கை கியூவைத் தூக்கி, அடிப்பக்கத்தைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டியது. டொக், டொக். நான் என் வாழ்க்கையில் அப்படித் தட்டியதே இல்லை. தட்டிவிட்டு, குனிந்து, ஒரு மூச்சு நேரம் அசையாமல் நின்று, அடித்தது.

பந்து மூன்று பக்கம் முட்டித் திரும்பி, குழியில் போய் விழுந்தது. திரும்ப டொக், டொக். திரும்ப ஒரு பந்து. நான் கால்களை மட்டும்தான் நகர்த்தினேன். மேஜை காலியாகும்வரை கை விடவில்லை. ஒரு பந்துகூடத் தவறவில்லை. நான் அந்த ஆட்டத்தில் பாதி பந்தைப் போடுகிறதே பெரிய விஷயம், உங்களுக்கே தெரியும்.

"என்ன அண்ணாச்சி! இப்பிடி ஆடத் தெரிஞ்சு வச்சுக்கிட்டா இத்தன வருசமா எங்கிட்ட தோத்தீரு?" என்று ஜெபராஜ் போனை இறக்கினார். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார். "ஏன், என்ன செய்யுது?"

"கியூவ வாங்குங்க, ஜெபராஜ். எனக்குக் கை தொறக்க மாட்டேங்குது."

அவர் இரண்டு கையாலும் இழுத்துப் பிடுங்கினார். கியூ வெளியே வந்ததும் என் கை ஈரத் துணி மாதிரித் தொங்கியது. கிள்ளிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரி. அந்தச் சின்ன டாக்டரை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. ஸ்கேன் எடுத்தார், நரம்புக்கு ஏதோ மெஷின் வைத்துப் பார்த்தார், "எல்லாம் நார்மல்தாங்க, டென்ஷனைக் குறைங்க" என்றார். ஊசியை எடுத்து அவர் கண் முன்னாலேயே என் விரலில் குத்திக் காட்டினேன். ரத்தம் வந்தது, வலி வரவில்லை. "பாருங்க, டென்ஷன் ஆறீங்க பாருங்க" என்கிறார்!

யூனிட்டில் மேனேஜர் மெஷின் பக்கமே விடவில்லை. "உணர்ச்சி இல்லாத கைய வெச்சுட்டு பிளேடு கிட்ட நிக்க வேண்டாங் மாஸ்டர். ஒரு வெரல் போச்சுன்னா யாருங்க பதில் சொல்றது? கொஞ்ச நாளைக்குச் செக்கிங்ல உக்காருங்க." செக்கிங் டேபிளில் உட்கார்ந்து இடது கையால் பீஸைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வேறு மாஸ்டர் தேடுகிறார்கள் என்று டீ கொண்டுவந்தவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. அந்த நாட்களில் நான் உங்கள் இரண்டு பேர் மேலும் எரிந்து எரிந்து விழுந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அப்பாவுக்கு மூளை குழம்பிவிட்டது என்று பேசிக்கொண்டீர்களே, அது இதுதான். அன்னத்தைப் பிசைந்து வாயில் வைக்கிற கை போய்விட்டது. நான் எரிந்து விழாமல் என்ன செய்வேன்?

இதற்கு நடுவில் கொச்சிக்காரர் நச்சரித்தார் என்று ஜெபராஜ் அந்த வீடியோவைக் குரூப்பில் போட்டுவிட்டார். ஜெபராஜ் வீடியோ எடுத்தால் யாருக்கும் தலை இருக்காது. மேஜையும் கியூவும் கையும் மட்டும்தான் தெரியும். அதற்குக் கீழே பல்லடத்துக்காரர் ஒருவர், பழைய ஆட்டக்காரர், எழுதியிருந்தார்: "அண்ணா எந்திரிச்சுட்டாரா? ரொம்ப சந்தோஷம்."

எந்த அண்ணா என்று அவருக்குப் போன் போட்டேன்.

"ஏனுங், அருள்புரத்து அண்ணா தானுங்க அது? ரெண்டு தட்டுத் தட்டிட்டு நிப்பாரே, அவரு ஆட்டம் எனக்குத் தெரியாதுங்களா? பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுசா விழுந்துருச்சு, பேச்சும் போயிருச்சு, படுத்தே கெடக்கறாருன்னாங்க. எந்திரிச்சு ஆடறாரேன்னு எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க."

பயம் அப்புறம்தான் வந்தது, முதலில் வந்தது கோபம். ஆடறதில்ல என்றானே அந்தப் பையன்! மனுஷன் உயிரோடு படுத்திருக்கிறார், கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், அவர் பொருளை அவர் எதிரிலேயே எடுத்து விற்றிருக்கிறான். இறந்தவர் சாமானை விற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இது என்ன கணக்கு?

ஜெபராஜ் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, இடது கையில் கியூவைப் பிடித்துக்கொண்டு அருள்புரம் போனேன். பெரிய வீடு. ஹரீஷ் வாசலிலேயே நிறுத்தினான்.

"அங்கிள், டீல் முடிஞ்சிருச்சு. ரிட்டர்ன் எல்லாம் இல்லீங்க."

"எனக்குக் காசு வேண்டாந் தம்பி. இத உள்ள கொண்டு போயி உங்கப்பா கிட்டக் குடுங்க. போதும்."

"சும்மாக் குடுத்தாலும் வேண்டாங்க. விடிஞ்சதுல இருந்து அதையவே பாத்துட்டுக் கெடப்பாரு. வர்ற போறவங்களுக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? அதனாலதான் எடுத்தேன்."

"உங்கப்பாவக் கேட்டீங்களா?"

"அவரால பேச முடியாதுங்க."

"கேட்டீங்களான்னு கேட்டனுங் தம்பி. பேசுனாரான்னு கேக்கல."

அவன் முகம் சிவந்துவிட்டது. ஜெபராஜ் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அந்த நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு அம்மா வந்தார். பெரியவரைப் பார்த்துக்கொள்ள சேவூரிலிருந்து வந்து தங்கியிருக்கிற சரஸ்வதி. கியூவைப் பார்த்ததும் அவர் வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"நாஞ் சொன்னனுங்களே தம்பி, நீங்க கேக்கலியே! ஞாயித்துக்கெழம மத்தியானம் அய்யாவோட வலது கை ஆடுச்சுங்க. கட்டில் சட்டத்துல ரெண்டு தட்டு தட்டறாரு, அப்பறம் கையப் பின்னால இழுத்து முன்னால தள்றாரு. திரும்ப ரெண்டு தட்டு. ஆறு மாசமா அசையாத கைங்க! ஃபிட்ஸுன்னு சொல்லிப்போட்டீங்க."

ஜெபராஜ் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு படி கீழே இறங்கி நின்றுகொண்டார். நான் ஹரீஷைத் தாண்டி உள்ளே போனேன். அவன் தடுக்கவில்லை.

பெரியவர் மெலிந்துபோய்க் கிடந்தார். நீல நிறக் கட்டம் போட்ட விரிப்பு. எதிர்ச் சுவரில் இரண்டு கொக்கி, கியூ மாட்டியிருந்த இடத்தில் சுண்ணாம்பு மட்டும் வெளுப்பாக இருந்தது. "அய்யா, கொண்டாந்துட்டனுங்க" என்று கியூவை அவர் பக்கத்தில் வைத்தேன். கண் பளிச்சென்று ஆனது. பார்வை நுனியிலிருந்து மெதுவாகக் கீழே வந்தது. கைப்பிடிக்கு வந்ததும் நின்றது. நான் சுற்றி வைத்த புது நூலைப் பார்த்தார். அப்புறம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அதுல ஒரு துணி இருந்துதே?" என்றார் சரஸ்வதி. "அவரு மொதமொதல்ல போட்ட மெஷின்ல ஓடுன மொதத் துணியாமுங்க. அந்தத் துணி மேல மாட்டற மாதிரி, கைப்பிடியச் சிறுசாப் பண்ணச் சொல்லி ஆர்டர் குடுத்தாராம். நல்லாயிருந்தப்ப வர்றவங்க கிட்ட எல்லாஞ் சொல்லுவாராமுங்க."

அளவு தப்பவில்லை. எனக்குத்தான் தெரியவில்லை.

ஜெபராஜை நம் வீட்டுக்கு விரட்டினேன். அடுப்பங்கரையில் குண்டா இறக்குகிற துணியையும், ஊசி நூலையும், உங்கள் அம்மாவையும் கொண்டுவரச் சொன்னேன். அவர்கள் வருவதற்குள் நான் புது நூலைப் பல்லாலும் இடது கையாலும் பிரித்தெடுத்தேன். ஹரீஷ் கதவில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த அறையில் அவனுக்கு அதுதான் வேலை.

உங்கள் அம்மா வந்தாள். துணியில் மஞ்சள் கறை, ஒரு மூலையில் தீய்ந்த வட்டம். பெரியவரைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், ஹரீஷைப் பார்த்தாள். அம்மாவுக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும்.

"ஏனுங் தம்பி, உங்கப்பா கண்ணத் தொறந்துட்டு இருக்கறப்பவே எடுத்து வித்துப்போட்டீங்களாமா?"

"ஆன்ட்டி, இது எங்க ஃபேமிலி மேட்டர்."

"இருக்கட்டுங்க. உங்க ஃபேமிலில துணி தைக்கத்தான் யாரும் இல்ல போல, நானே தெச்சுத் தர்றனுங்க. நீங்க போனப் பாருங்க சாமி."

கட்டில் ஓரம் தரையில் உட்கார்ந்து, கியூவை மடியில் வைத்து, நான் அறுத்த துணியைக் கைப்பிடியைச் சுற்றி இழுத்துப் பிடித்துக் கைத்தையல் போட ஆரம்பித்தாள். ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிறவள், கைத்தையல் பழக்கம் விட்டுப்போயிருந்தது, விரலில் இரண்டு இடம் குத்திக்கொண்டாள். பெரியவர் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு தையலையும் பார்த்தார். கடைசித் தையலை இறுக்கி அவள் நூலைக் கடித்ததும், நம்பினால் நம்புங்கள், விரிப்பின் மேல் செத்துக் கிடந்த அந்த வலது கை நகர்ந்தது. நண்டு மாதிரி, விரல் விரலாக, மெதுவாக நகர்ந்து வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது.

நான் கட்டிலை விட்டுத் தள்ளி, சன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன். என் வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. காலி உள்ளங்கை. அதற்குள் ரிப் துணியின் வரிகள் தெரிந்தன. மேடு, பள்ளம், மேடு, பள்ளம். தீய்ந்த மூலையின் மொரமொரப்புகூடத் தெரிந்தது. அப்புறம் எறும்பு ஏறுகிற மாதிரி விரலெல்லாம் குறுகுறுத்து, ஊசி குத்திய இடத்தில் வலி வந்தது. அன்றைக்கு வர வேண்டிய வலி. நான் சத்தமாகக் கத்திவிட்டேன். அந்த வலியைப் போல ஒரு நல்ல விஷயத்தை நான் அனுபவித்ததில்லை.

பெரியவர் என்னைப் பார்த்தார். என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுத மாட்டேன்.

அடுத்த நாளே மெஷினில் நின்றேன். மேனேஜர் என் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். கொச்சிக்காரரிடம் கியூ இல்லை என்றேன். பேசி முடித்ததை மறுத்துவிட்டேன் என்று குரூப்பில் என்னைக் கிழித்தார்கள். ஏமாற்றுக்காரன் என்று எழுதினார்கள். விற்றது உயிரோடு இருக்கிறவர் பொருள் என்று நான் பதில் எழுதினேன். "ஓனர் மகன் வித்தா செல்லும் ப்ரோ" என்று ஒருவன், அதற்குக் கீழே சிரிக்கிற பொம்மைகள். இவர்களோடு இனி எனக்கு வியாபாரம் வேண்டாம் என்று மிச்சம் இருந்த கியூக்களை ஜெபராஜிடம் கொடுத்துவிட்டேன். இதைத்தான் நீங்கள் பயம் என்கிறீர்கள்.

இதையும் எழுதிவிடுகிறேன். நாளைக்கு நான் படுத்துவிட்டால், என் கத்தரியோ, செருப்போ, எதுவாக இருந்தாலும் என்னைக் கேட்காமல் எடுக்காதீர்கள். பதில் வராது என்று தெரிந்தாலும் கட்டில் பக்கத்தில் வந்து கேளுங்கள். கேட்டுவிட்டு என் முகத்தைப் பாருங்கள். அவ்வளவுதான் நான் உங்களிடம் எதிர்பார்ப்பது.

இதோடு முடித்திருப்பேன். நேற்று மத்தியானம் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டு நேரம் முடிந்து கேன்டீனில் டீ கிளாஸைப் பிடித்தபடி நின்றிருந்தேன். என் சுண்டுவிரல் கிளாஸை விட்டு எழுந்தது. நான் எடுக்கவில்லை. யாரோ பிடித்து நிமிர்த்துகிறார்கள். பிடிக்கிற ஆளுடைய நகம் என் தோலில் பதிவது தெரிகிறது, ஆனால் பக்கத்தில் ஆள் இல்லை. அடுத்து மோதிர விரல். அடுத்து நடுவிரல். ஆள்காட்டி விரலை நிமிர்த்தும்போது கிளாஸ் விழுந்து உடைந்தது. "மாஸ்டருக்கு இன்னிக்கு டீ பிடிக்கல" என்று பையன்கள் சிரித்தார்கள். கட்டைவிரல் மட்டும் உள்ளங்கைக்குள் மடிந்து இறுகிக்கொண்டது. அதையும் இழுத்தார்கள். நெடுநேரம் இழுத்தார்கள். வரவில்லை. அப்புறம் விட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் ஜெபராஜ் போனைக் கொண்டுவந்து நீட்டினார். குரூப்பில் அந்தக் கியூ. "அர்ஜென்ட் சேல்" என்று ஹரீஷ் போட்டிருக்கிறான். மரத்தில் பதித்த வெள்ளை வேல்கள், கீழே நீலக் கட்டம் போட்ட விரிப்பு. கைப்பிடி இருக்கிற பக்கம் மட்டும் படத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. யாரும் வாங்காதீர்கள் என்று கீழே எழுதினேன். கொஞ்ச நேரத்தில் என்னைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஹரீஷை அழைத்தேன், அவன் போனை எடுக்கவில்லை. காலையில் நானும் ஜெபராஜும் போகிறோம். அம்மாவும் வருகிறாள்.

பேனாவை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகிக்கொண்டு எழுதுகிறேன். கட்டைவிரல் இன்னும் மடிந்தேதான் இருக்கிறது. சற்று முன்னால் அம்மா தேங்காய் எண்ணெய் தேய்த்து அதை நிமிர்த்தப் பார்த்தாள். அவள் கையைத் தட்டிவிட்டேன். இது என் விரல் இல்லை, பெரியவருடைய பிடி. அதை யாரும் திறக்க நான் விட மாட்டேன்.